சந்தேகத்தின் பலன்

டேவிட் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர் கொரியப் போர் நடந்த காலத்தில், 1950 முதல் 1952 வரை, ராணுவத்தில் இருந்தார். அவருக்குப் பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா. அது பணியோடு தொடர்புடைய நோய்தான் என்று அரசே ஏற்றுக்கொண்டு, 1992இல் 100 சதவீத ஊனம் என மதிப்பிட்டுவிட்டது. 2001இல் அவர் இன்னொரு விண்ணப்பம் போட்டார். வீட்டில் தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது, அதற்குக் கூடுதல் தொகை வேண்டும் என்று. மறுத்தார்கள். மேல்முறையீட்டு வாரியமும் 2004இல் மறுத்தது. அடுத்த படி நீதிமன்றம். அங்கே போக 120 நாள் அவகாசம். ஹெண்டர்சனின் மனு பதினைந்து நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

ஏன் லேட் என்றால், அவர் தரப்பு சொன்ன காரணம் அந்த நோயேதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மனதில் நேரமும் தேதியும் ஒழுங்காக ஓடாத ஒரு மனிதரிடம், அப்படி ஓடவில்லை என்பதை இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடு என்கிறோம். கொடுக்காவிட்டால் கதவு மூடும். காலில் அடிபட்டவர் நொண்டிக்கொண்டாவது அலுவலகத்துக்குப் போய்விடலாம். மனதில் அடிபட்டவரிடம் அந்த அலுவலகத்துக்குப் போகும் வழியைத் தேடும் கருவியே பழுதாகியிருக்கிறது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த 120 நாள் என்பது நீதிமன்றத்தின் அதிகாரத்தையே பறித்துவிடும் அளவுக்கு இறுக்கமான எல்லையா என்பதுதான் கேள்வி. இல்லை என்று 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே ஹெண்டர்சன் இறந்துவிட்டார்.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே நீதிமன்றத்தின் முன் கிட்டத்தட்ட அதே கேள்வி வேறு ரூபத்தில் வந்தது. அடால்ஃபோ அரெல்லானோ 1977 முதல் 1981 வரை கடற்படையில் இருந்தவர். அவர் வேலை பார்த்த விமானந்தாங்கிக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியபோது கடலுக்குள் அடித்துச் செல்லப்படும் நிலைக்குப் போய்த் தப்பியவர். முப்பது வருடம் கழித்து 2011இல்தான் விண்ணப்பித்தார். மனநோய் பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள்; விண்ணப்பித்த நாளிலிருந்து பணமும் தந்தார்கள். பணியிலிருந்து வெளியேறிய ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்திருந்தால் வெளியேறிய மறுநாளிலிருந்தே கிடைத்திருக்கும். அந்த ஒரு வருடத்தில் விண்ணப்பிக்க முடியாமல் போனதற்கே நோய்தான் காரணம் என்று வாதாடினார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக நிராகரித்தது. இந்தச் சட்டப் பிரிவில் விதிவிலக்குகளை நாடாளுமன்றம் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறது, எழுதப்படாத இன்னொன்றை நாங்கள் சேர்க்க முடியாது என்பது சாரம்.

நீதிபதிகள்மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரே நாடு, ஒரே நீதிமன்றம், ஒரே மாதிரியான தாமதம். பதினைந்து நாளுக்கு இரக்கம் இருந்தது. முப்பது வருடத்துக்கு இல்லை. அதிகம் முடங்கியவருக்கு அதிகம் கிடைக்கும் என்றுதான் இந்த மொத்த ஏற்பாடும் சொல்லிக்கொள்கிறது. கணக்கு இங்கே தலைகீழாக வருகிறது.

இனி அந்த ஏற்பாட்டைப் பற்றி. முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்கத் துறையை எல்லோரும் விஏ என்கிறார்கள். அங்கே ஒருவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, பணியின்போது ஏதோ நடந்தது, அதுவும் இதுவும் தொடர்புடையவை. மூன்றாவதற்கு மருத்துவர் ஒருவர், தொடர்பு இருக்கப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு என்று எழுதினால் போதும். சாதாரண சிவில் வழக்கில் தராசு சமமாக நின்றால் வழக்குப் போட்டவர் தோற்பார். இங்கே சமமாக நின்றால் படைவீரர் ஜெயிப்பார். 1990இல் இதை விளக்க வந்த நீதிமன்றம் தெருப் பேஸ்பால் விதியை உதாரணமாகக் காட்டியது: பந்தும் ஓடுகிறவரும் ஒன்றாக வந்து சேர்ந்தால் ஓடுகிறவருக்கே சாதகம். நமக்குப் புரியும்படி சொன்னால், நடுவருக்குச் சந்தேகம் வந்தால் பேட்ஸ்மேன் நாட் அவுட்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, இல்லையா? நிஜமாகவே அழகான விதிதான், கிண்டலாகச் சொல்லவில்லை. ஓர் அரசு தன் குடிமகனிடம், நமக்குள் சந்தேகம் வந்தால் அதன் செலவை நான் ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது சாதாரண விஷயமில்லை.

சிக்கல் தராசில் இல்லை. தராசில் எதை வைக்க அனுமதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஃபைலில் அந்தக் காலத்து மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லை என்பார்கள். எப்படி இருக்கும்? தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்று முகாம் மருத்துவரிடம் போய் நின்றவனைப் பட்டாளம் எப்படிப் பார்க்கும் என்பது பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் உலகப்போரில் பயந்தார்கள், ஓடினார்கள் என்று பிரிட்டன் தன் வீரர்களையே சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல். பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். ஆகவே நல்ல வீரன் வாயை மூடிக்கொண்டான். எவ்வளவு நல்ல வீரனோ அவ்வளவு மெல்லிய ஃபைல். பிறகு அந்த மெல்லிய ஃபைலைக் காட்டி, உனக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்றால் என்ன பதில் சொல்வது? ராணுவம் கற்றுக்கொடுத்த ஒழுக்கத்தை ஒழுங்காகப் பின்பற்றியதே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது.

சில ஃபைல்கள் எரிந்தே போயின. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ராணுவப் பணி ஆவணங்கள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் ஆவணங்களில் சுமார் 80 சதவீதம் அதில் போயிற்று. அரசின் கட்டடம், அரசின் காகிதம். அதற்குப் பிறகும் பல வருடங்கள் அந்தக் காகிதத்தைக் கேட்டு அந்த மனிதர்களுக்கே கடிதங்கள் போயின.

இப்படிப்பட்ட இடங்களில் சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1988 வரை விஏ முடிவுகளை எதிர்த்து நீதிமன்றமே போக முடியாது. வக்கீல் வைத்தால் பத்து டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864இல், வைத்த உச்சவரம்பும் அதுவரை இருந்தது. பத்து டாலருக்கு எந்த வக்கீல் வருவார்? 2010இல், எதிரித் தாக்குதல் பயத்தால் வந்த பிடிஎஸ்டிக்கு, நடந்த சம்பவத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, விஏ தரப்பு மனநல மருத்துவர் உறுதி செய்தால் வீரரின் சொல்லே போதும் என்று விதி மாறியது. படைக்குள் நடந்த பாலியல் வன்முறைக்கு வேறொரு வழி வைத்தார்கள். புகார் பதிவாகியிருக்காது என்பது தெரிந்ததால், திடீரென இடமாற்றம் கேட்டது, வேலைத்தரம் சரிந்தது, கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டது போன்ற அடையாளங்களையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஒருத்தி எதையும் சொல்லாமல் இருந்த காலத்திலும் காகிதங்கள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன என்று ஒரு விதிமுறை ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. விதிமுறைகளை எழுதுகிறவர்களுக்கும் கற்பனை தேவைப்படுகிறது.

நம் ஊருக்கு வருவோம். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில் இந்தக் கதை அந்நியமாக இருக்காது. இந்திய ராணுவ மருத்துவ வாரியத்தின் மொழியில் ஒரு வாக்கியம் உண்டு: பணியால் வந்ததுமில்லை, பணியால் மோசமானதுமில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து நானா என்பார்கள். மனநோய் என்றால் அதோடு இன்னொரு வார்த்தையும் வரும்: உடலமைப்பிலேயே இருந்த கோளாறு. அதாவது உன்னிடம் ஏற்கனவே இருந்தது, நீ கொண்டு வந்தாய், நாங்கள் கொடுக்கவில்லை. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லையென்றால் அவர் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் வீரருக்கே. அது வலிப்பு நோய் வழக்கு. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கு ஸ்கிசோஃப்ரினியா பற்றியது. அங்கே நீதிமன்றம், சேரும்போது நடக்கும் பரிசோதனையில் மனநோயைக் கண்டுபிடிக்க முடியாது, எனவே அப்போது குறிப்பு இல்லை என்பதாலேயே பணியால் வந்தது என்று ஊகிக்க முடியாது என்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். உடலுக்கு இருக்கும் சந்தேகத்தின் பலன், மனதின் வாசலில் வந்து தயங்குகிறது.

தயக்கத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்கிசோஃப்ரினியா ராணுவத்துக்கே போகாதவர்களுக்கும் வருகிறது. ஆனால் ஒரு பையனைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் எடுத்து, சோதித்து, தகுதி என்று முத்திரை குத்தி, சில வருடம் கழித்துத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பும்போது, இடையில் என்ன நடந்தது என்று விளக்கும் பொறுப்பு யாருடையது? ஃபைலை வைத்திருப்பது யார்? பணியிடத்தை, விடுமுறையை, தூக்கத்தைத் தீர்மானித்தது யார்? எல்லாச் சாவியும் ஒருவர் கையில் இருக்க, பூட்டைத் திறந்து காட்டு என்று மற்றவரைக் கேட்பதை என்னால் நியாயமாகப் பார்க்க முடியவில்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று ஏறி இறங்க வேண்டும். சென்னையிலும் ஓர் அமர்வு இருக்கிறது.

‘சரி, பொய் சொல்கிறவர்கள்?’ இந்தக் கேள்வி எப்போதும் வரும், வரவும் வேண்டும். பொய்யாக நோய் காட்டிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் மிகவும் ஆத்திரப்படுவது வரி கட்டுகிற பொதுஜனம்கூட இல்லை, உண்மையாக நொறுங்கிய வீரர்கள்தான். எல்லாரையும் நம்பிவிடும் அமைப்பு அவர்களுடைய உண்மையையும் மலிவாக்கிவிடும். ஆகவே சோதிப்பதே அவமானம் என்று நான் சொல்லவில்லை. நண்பன் சொன்னால் ஆதாரம் கேட்காமல் நம்புவேன். அரசு நண்பன் இல்லை; அதன் கையில் இருப்பது ஊரார் பணம்.

ஆனால் இரண்டு வகைத் தவறும் ஒரே எடையா? நோய் இல்லாதவனுக்குப் பணம் போனால் பணம் நஷ்டம். நோய் உள்ளவனிடம் உனக்கு ஒன்றுமில்லை என்று முத்திரை வைத்த கடிதம் போனால் போவது பணம் மட்டுமில்லை. அவன் மனதில் இரவெல்லாம் ஓடும் குரல் ஏற்கனவே சொல்வதும் அதுதான்: நீ நடிக்கிறாய், மற்றவர்கள் தாங்கவில்லையா, உனக்கென்ன? இப்போது அரசாங்கமும் அதையே சொல்கிறது. மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் வந்த தன் நூலில், ஒருவர் யார் என்பதாலேயே அவர் சொல்லுக்கு மதிப்பைக் குறைப்பதைத் தனி வகை அநீதி என்றார். இங்கே அது இன்னும் விநோதமான முடிச்சு. கோவையாகப் பேசினால், நன்றாகத்தானே பேசுகிறான், என்ன நோய்? கோவையில்லாமல் பேசினால், இவன் சொல்வதை எப்படி நம்புவது?

பிறகு அந்த எண்கள். மனநோய்க்கு விஏ வைத்திருக்கும் படிகள் 0, 10, 30, 50, 70, 100. நாற்பது கிடையாது, அறுபது கிடையாது. தற்கொலை எண்ணம் என்பது 70க்கான அறிகுறிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. (ஊனம் என்ற சொல்லை இன்று தவிர்க்கிறோம், சரிதான். ஆனால் இந்தப் பட்டியல் அளப்பது எதையோ அதற்கு மாற்றுத்திறன் என்று பெயர் வைக்க எனக்கு நா எழவில்லை.) பரிசோதனை அதிகாரியுடன் ஒரு மணி நேரமோ, அதற்கும் குறைவோ. நலம் விசாரித்தால் நன்றாக இருக்கிறேன் என்று பழக்கத்தில் சொல்லிவிடாதே, உன் மிக மோசமான நாளை மனதில் வைத்துப் பேசு என்று அனுபவப்பட்டவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பான அறிவுரை இல்லை. குளித்து, சட்டை மாற்றி, நேரத்துக்கு வந்து உட்கார்ந்ததையே ஆரோக்கியமாக எழுதிவிடுவார்கள். ஆனால் சிகிச்சை அறையில் அதே மனிதரிடம், நல்ல நாள்களைக் கவனியுங்கள், நீங்கள் உங்கள் நோய் மட்டுமே இல்லை என்கிறார்கள். ஒரு கட்டடத்தில் தேறி வா என்றும், பக்கத்துக் கட்டடத்தில் தேறவில்லை என்று காட்டு என்றும். இரண்டுக்கும் ஒரே துறைதான் சம்பளம் கொடுக்கிறது.

மறுப்புக் கடிதம் வந்தால், 2019 பிப்ரவரிக்குப் பிறகு மூன்று வழி. புதிய, பொருத்தமான ஆதாரத்தோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். இருக்கும் ஆதாரத்தையே மேலதிகாரி ஒருவர் பார்க்கச் சொல்லலாம். வாரியத்தின் நீதிபதியிடம் போகலாம். ஒரு வருடத்துக்குள் செய்தால் பழைய தேதி காப்பாற்றப்படும். புதிய ஆதாரம் என்பதில் பெரும்பாலும் எளிதாகக் கிடைப்பது கூட இருப்பவர்களின் சாட்சியம்தான். உடன் பணியாற்றியவன் எழுதலாம், மனைவி எழுதலாம். அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது.

அந்த மனைவியைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹோட்டலில் எப்போதும் சுவரோரம் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார் என்று எழுதலாம், அது சுலபம். பட்டாசு வெடிக்கும் இரவுகளைப் பற்றி எழுதலாம். பிள்ளையை ஒருமுறை என்ன செய்தார் என்பதை எழுதுவதா? எழுதினால் சதவீதம் கூடலாம். அந்தக் காகிதம் ஃபைலில் என்றென்றைக்கும் இருக்கும். அவர் ஒருநாள் படிக்கலாம், பிள்ளையும் வளர்ந்த பிறகு படிக்கலாம். இத்தனை வருடம் அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெரியாமல் அவள் மூடிக் காத்தது எதுவோ, அதைத்தான் இப்போது முத்திரைக்குப் பொருத்தமாக விரித்துக் காட்ட வேண்டும். கணவனுக்காகச் செய்யும் துரோகம் என்று ஒன்று உண்டா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதைச் செய்ய வேண்டிய நிலையில் அவளை நிறுத்துவதும் இந்த முறையீட்டின் செலவுகளில் ஒன்று. எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

பழந்தமிழர் போர்ப் புண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். மார்பிலும் முகத்திலும் பட்டால் விழுப்புண், பெருமை. முதுகில் பட்டால் புறப்புண், அவமானம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறு பாடுகிறது. மனதில் படும் புண்ணை அவர்கள் எதில் சேர்த்திருப்பார்கள்? இன்றைய பட்டாளங்கள் அதைப் பேச்சில் விழுப்புண்ணிலும் நடைமுறையில் புறப்புண்ணிலும் சேர்க்கின்றன. அந்தச் சேரனுடைய காயமும் யோசித்துப் பார்த்தால் மனதில் பட்டதுதான். அவனைக் கொன்றது வேல் இல்லை.

இன்னும் சங்கடமான ஓர் இடம் இருக்கிறது. எல்லா வீரருடைய மனப்புண்ணும் தனக்கு நடந்ததால் வருவதில்லை. தான் செய்ததாலும் வருகிறது. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே என்ற மருத்துவர் 1994இல் ‘வியட்நாமில் அக்கிலிஸ்’ என்ற புத்தகம் எழுதினார். மேலே இருப்பவர்கள் சரி தவறு பற்றிய நம்பிக்கையைக் காட்டிக்கொடுப்பதால் வரும் சேதத்தைப் பற்றி அவர் பேசினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கருத்தை விரித்து, தன் கையாலேயே செய்ததன் பாரத்தையும் அதில் சேர்த்தார்கள். படிவமோ உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது. சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த காரைச் சுட்டவன், உள்ளே யார் இருந்தார்கள் என்பதைப் பிறகு பார்த்தவன், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவான்? அவனும் நோயாளிதான், உதவி அவனுக்கும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காரில் இருந்தவர்களின் உறவினர்கள் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில், எத்தனை நாளுக்குள் விண்ணப்பிப்பது? ஒரே நிமிடத்தில் நடந்த ஒரே விஷயத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்று வழி மேல்முறையீடு இருக்கிறது. மறுபக்கத்துக்கு ஒரு கவுன்டர்கூட இல்லை. இதைச் சொல்வது வீரனுடைய உரிமையைக் குறைப்பதற்காக இல்லை. யாருடைய வலி கோப்பாகிறது என்பதை வலி தீர்மானிப்பதில்லை, அவ்வளவுதான்.

வாரியத்திடம் போகிறவர்கள் மூன்று வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இருப்பதை வைத்து முடிவு செய்யச் சொல்வது ஒன்று, புதிய ஆதாரம் சேர்ப்பது ஒன்று, நீதிபதியின் முன் நேரில் பேசுவது ஒன்று. பொதுவாக மிக மெதுவாக நகர்வது கடைசி வரிசை. அப்படியும் ஏராளமானவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டப்படி அவசியமில்லாத இடத்தில்கூட, வருடக்கணக்கில் காத்திருந்து. ஒரு மனிதர் எதிரே இருந்து, குறுக்கே பேசாமல் தன் கதை முழுவதையும் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பணத்தை மட்டும் வேண்டுகிறவர் வேகமான வரிசையைப் பார்த்திருப்பார். இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கிறது. வீரர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு பேசுவார். மனைவியும் பேசலாம். எல்லாவற்றையும் பதிவு செய்து எழுத்தாக்கி ஃபைலில் சேர்ப்பார்கள். முடிவை அன்றைக்கே சொல்வதில்லை. அது மாதங்கள் கழித்துக் கடிதத்தில் வரும்.